பந்தை உதைப்பவரும் தொழிலாளியே

கால்பந்துக் கழகம் தன் முன்னணி வீரரிடம் எதிர்பார்ப்பது விசுவாசம். வீரர் கழகத்திடம் எதிர்பார்ப்பது மாதம் தவறாத ஊதியம். முதலாவதைப் பற்றியே ஓயாமல் பேசுகிறார்கள். இரண்டாவது முறிந்தால் என்ன நேரும் என்பதை 2025 ஆகஸ்டில் நாடு கண்டது. பெங்களூரு எஃப்சி தனது முதன்மை அணி வீரர்கள், பணியாளர்களின் ஊதியத்தைக் காலவரையறையின்றி நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே இடைநிறுத்தியது.

இதில் வீரர்களின் குற்றம் ஏதுமில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் ரிலையன்ஸ் சார்ந்த நிறுவனத்துடன் செய்துகொண்ட 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் முடிவை நெருங்கியது. புதுப்பிப்பு உறுதியாகாததால், ஐஎஸ்எல் தொடரின் அடுத்த பருவத்தை அதன் நிர்வாக நிறுவனம் ஜூலையில் நிறுத்திவைத்தது. பின்னர் கூட்டமைப்பு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, நவம்பரில் கெடு முடியும்வரை ஒருவரும் முன்வரவில்லை. சந்தை கைவிட்டதும் சுமை முதலில் இறங்கியது உழைப்பவரின் தோளில்தான்.

இது புதிதுமன்று. மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010இலும், முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற பஞ்சாபின் ஜேசிடி 2011இலும் கலைக்கப்பட்டன. வென்ற கோப்பைகள் அவற்றைக் காக்கவில்லை. உரிமையாளர் முடிவெடுத்தார், அணி மறைந்தது.

கழகங்கள் நட்டத்தில் இயங்குகின்றன என்ற வாதம் பொய்யன்று. ஆனால் அந்த வரவு செலவைத் திட்டமிட்டவர்கள் வீரர்கள் அல்லர். இரண்டு மாத ஊதியம் நிலுவையானால், 15 நாள் அவகாசம் அளித்தபின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி வீரருக்கு உரிமை தருகிறது. தொடரே நின்றுபோன நாட்டில், வெளியேறும் வீரர் எந்தக் கழகத்துக்குப் போவார்? முப்பது வயதைத் தாண்டியதும் முடிவை நெருங்கும் தொழிலில், ஆடாமல் கழியும் ஒரு பருவம் திரும்பக் கிடைக்காத வாழ்நாள்.

ஆகவே, பருவம் தொடங்குமுன் ஊதியத்துக்கான வங்கி உத்தரவாதத்தை ஒவ்வொரு கழகமும் செலுத்த வேண்டும். வணிக உரிமை குறித்த பேச்சுவார்த்தையில் வீரர்கள் சங்கத்துக்கு இடம் வேண்டும். ஜெர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் நடைமுறையில் உள்ளது. விதிவிலக்குகள் இருந்தாலும், கழகம் ஒரு முதலாளியின் தனிச்சொத்தாக வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று. இங்கும் ரசிகர்களுக்கு அத்தகைய பங்கு வேண்டும்.

விசுவாசம் ஒருவழிப் பாதையன்று. ஊதியத்தை உறுதிசெய்யாத கழகத்துக்கு அதைக் கோரும் தகுதி இல்லை.