ஏடு ஒன்று எடுப்போம்



சென்ற பொங்கல் விழாவில் நம் மன்ற மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடியது யார்? ஒலிபெருக்கிப் பெட்டி! நாம் எழுந்து நின்று கேட்டோம், அவ்வளவே. சேர்ந்திசைக் குழுவுக்கென்று ஆவணித் திங்களில் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். தைத் திங்களில் எஞ்சியவர்கள் ஐவர். அந்த ஐவருள் நானும் ஒருவன். மேடையின் ஓரத்தில் வாய்மூடி நின்றேன்.

மனோன்மணீயம் சுந்தரனார் 1891-இல் வெளியிட்ட நாடகத்தில் உள்ளது அப்பாடல். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த தமிழ்நாட்டு அரசின் ஆணை, ஒலித்தட்டைச் சுழலவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயாரப் பாட வேண்டும் என்கிறது. தில்லியில் வாழும் நம்மை அந்த ஆணை கட்டாதுதான். ஆனால் தமிழ் மன்றம் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஐம்பத்தைந்து நொடி பாட நமக்கு வாய் இல்லையா?

நேரமில்லை என்கிறார்கள் சிலர். குரல் இல்லை என்கிறார்கள் வேறு சிலர். நான் இவ்விரண்டையும் ஒப்பமாட்டேன். பாடுகின்றவர்களை நாம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

என் கதையையே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இரண்டாண்டுகள் நான் இறைவணக்கக் குழுவில் நின்றேன். பாடவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். பதின்மூன்று வயதில் குரல் உடைந்தது. மேலே ஏறினால் கீச்சிட்டது. கீழே இறங்கினால் காற்றுத்தான் வந்தது. சொல்ல வெட்கம். கேட்பாரும் இல்லை. அன்று மூடிய வாயை மறுபடி திறக்க எனக்கு எட்டாண்டுகள் ஆயின.

சென்ற ஆண்டு ஆசிரியப் பயிற்சிக்காக இந்நகரத்துப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே ஆர்மோனியத்தின் அருகில் நீண்ட ஏடு ஒன்று கயிற்றில் தொங்கியது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஒரு மாணவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வார். அன்று பாடியதைப் பற்றித் தோன்றியதை எழுதிக்கொண்டு வருவார். பிழை திருத்தம் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது.

ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: “இரண்டாம் அடியின் முடிவில் எனக்கு மூச்சு முட்டுகிறது. எல்லாருக்கும் இப்படியா?” அதன் கீழே மூவர், “எனக்கும்” என்று எழுதியிருந்தார்கள். அடுத்த பயிற்சியில் ஆசிரியை அதையே பாடமாக்கினார். நீண்ட அடியை ஒரே மூச்சில் இழுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீ பாடு, நீ வாங்கும்போது அவர் பாடுவார், கேட்பவர் காதுக்கு ஒலி அறுபடாது என்றார். சேர்ந்திசையின் அடிப்படையே இதுவன்றோ! ஒருவர் தளரும் இடத்தில் மற்றவர் தாங்குவது.

மற்றொரு பக்கத்தில் ஒரு சிறுவன், “என் குரல் கெட்டுவிட்டது, நான் நின்றுவிடுகிறேன்” என்று எழுதியிருந்தான். குரல் கெடவில்லை, குரல்வளை வளர்கிறது என்று ஆசிரியை பதில் எழுதி, அவனைக் கீழ்க்குரல் பாடுவோர் வரிசைக்கு மாற்றினார். அவன் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தை நான் இருமுறை படித்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி நம் குழுவுக்கு வருவோம். நம்முள் பாதிப்பேர் வடநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. ஆகவே பாட்டை நாகரியில் எழுதிக் கொடுத்தோம். இந்தி எழுதும் நாகரியில் எகர, ஒகரக் குறிலுக்குத் தனி எழுத்து வழக்கில் இல்லை. ‘எடு’ என்றாலும் ‘ஏடு’ என்றாலும் ஒரே தோற்றம். ‘கொடு’ என்றாலும் ‘கோடு’ என்றாலும் அப்படியே. ஒருவர் குறுக்கிப் பாட, மற்றவர் நீட்டிப் பாட, தாளம் சிதறியது. “கவனம் போதாது” என்று கடிந்தோம். கடிந்தவர்களுள் நானும் உண்டு. அவர்களோ பொருள் கேட்கக் கூசினார்கள். கூசியவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பொருள் தெரியாத பாட்டுக்காக மாலைப்பொழுதை யார் கொடுப்பார்கள்?

“கைப்பேசியில் குழு இருக்கிறதே, ஏடு எதற்கு?” என்று கேட்பீர்கள். அந்தக் குழுவைத் திறந்து பாருங்கள். “ஐந்து மணிக்கு வருக” என்று ஓர் அறிவிப்பு. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். கேள்வி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! கைப்பேசி குற்றமன்று. அதை அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்திருப்பது நம் குற்றம்.

எழுதுவதால் சுருதி சேர்ந்துவிடுமா என்றும் கேட்கலாம். சேராது. சுருதி பயிற்சியால்தான் சேரும். ஆனால் பயிற்சிக்கு ஆள் வரவேண்டுமே! தன் சொல்லுக்கு மதிப்புள்ள இடத்துக்கு மனிதன் மறுபடி வருவான். ஏடு வீட்டுப்பாடமாக மாறிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே விதிகள் இரண்டு போதும். எழுத வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. எழுதிய கேள்விக்கு அடுத்த பயிற்சிக்குள் விடை வரவேண்டும். விடை வராத ஏடு வெறுந்தாள்.

சேர்ந்திசை நமக்கு அயலானது என்பாரும் உளர். திரைப்பட இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற எம்.பி. சீனிவாசன், சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கித் தமிழ்ப் பாட்டைப் பல குரல்களில் பாடவைத்தார். 1988-இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை.

நண்பர்களே! ஏடு வாங்கிவிட்டேன். மன்ற அறையில் சன்னலோரம் தொங்குகிறது. தமிழிலோ நாகரியிலோ எந்த எழுத்திலும் எழுதலாம். முதல் பக்கத்தில், இரண்டாண்டுகள் வாயசைத்த என் கதையை எழுதியிருக்கிறேன். நின்றுவிட்ட பதினேழு பேரும் வந்து, ஏன் நின்றோம் என்பதை அடுத்த பக்கங்களில் எழுத வேண்டுகிறேன். வரும் பொங்கலுக்குப் பெட்டி ஓய்வெடுக்கட்டும், நாம் பாடுவோம்.