சுட்ட எண்ணெயும் சுடச்சுட வடையும்

தீபாவளிக்கு முந்தின இரவு முறுக்கும் அதிரசமும் சுட்டு அடுக்கி, விடிந்ததும் அவற்றைத் தொடுமுன் ஓர் உருண்டை லேகியத்தை வாயில் போடச் சொன்ன நம் முன்னோர், எண்ணெய்ப் பலகாரம் தேகத்தை என்ன செய்யும் என்பதை அறியாதவர்கள் அல்லர். வருஷத்தில் சில விசேஷ தினங்களுக்கென்று அதை ஒதுக்கி வைத்ததிலேயே அவர்களுடைய விவேகம் விளங்குகிறது. இன்றோ, லேகியம் தீபாவளியோடு நின்றுவிட, பலகாரம் மாத்திரம் தினந்தோறும் மாலைத் தேநீரோடு வந்துவிடுகிறது.

வடையைப் பழிப்பது என் நோக்கமன்று. உளுந்தைப் பொங்கப் பொங்க அரைத்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தட்டி, புதிய எண்ணெயில் பொன்னிறமாக எடுத்த வடையை எப்போதாவது உண்பதால் யாருக்கும் ஆயுள் குறைந்துவிடாது. என் வழக்கெல்லாம் அது வெந்த எண்ணெயின் மேல்தான்.

சாதாரணத் தேநீர்க் கடையின் அடுப்பைச் சற்று நின்று பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கும். காலையில் பூரிக்கு வைத்த எண்ணெயே முற்பகலில் வடைக்கும், மாலையில் பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் ஆகி, குறையக் குறைய டின்னிலிருந்து புதிது வார்க்கப்பெற்று, இரவில் மூடி வைக்கப்பெற்று, மறுநாள் மீண்டும் அடுப்பேறுகிறது. சட்டியின் உள்விளிம்பில் தார் போல ஒட்டியிருக்கும் கறுப்புப் பிசினும், மாவு விழுந்ததும் அடங்காமல் பொங்கும் நுரையும், சரியாகக் காயுமுன்பே எழும் காரப் புகையும் அந்த எண்ணெய் கெட்டுப்போனதற்கு அத்தாட்சிகள். பண்டத்தின் ஈரமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் 180 டிகிரியை ஒட்டிய உஷ்ணமும் சேர்ந்து எண்ணெயின் கொழுப்பை உடைக்கும்போது, ஆல்டிஹைடு முதலான தீய சேர்மங்கள் உண்டாகின்றன. இரத்தக் குழாய்களுக்கும் இருதயத்துக்கும் அவை ஆகா. மேலே எவ்வளவு புதிய எண்ணெய் வார்த்தாலும் அடியில் கிடக்கும் பழைய சரக்கு சுத்தமாகிவிடுவதில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சமையல் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் என்னும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உபயோகிக்கக் கூடாது என்ற விதி, 2018 ஜூலை முதல் தேசம் முழுவதும் அமலில் இருக்கிறது. பெரிய ஓட்டல்கள் கழித்த எண்ணெய் மலிவு விலைக்குச் சிறு கடைகளைச் சென்றடையாமல், அதைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கிற்று. ஆனால் எண்ணெய்க் கணக்கு எழுதிவைக்கும் கடமை, நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்களுக்கே உரியது. தெருமுனைக் கடைக்காரர் அந்தக் கணக்கில் அகப்படுவதே இல்லை. நம்மில் பெரும்பாலோர் சாப்பிடுவது எங்கே என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை.

கடைக்காரரை மட்டும் குறை கூறிவிட்டு வீட்டுக்காரர் தப்பித்துக்கொள்ள முடியாது. அப்பளம் பொரித்து மிஞ்சியதைக் கிண்ணத்தில் வடித்து வைத்து, மறு வாரம் வற்றலுக்கும் அதற்கடுத்த வாரம் பூரிக்கும் உபயோகிக்கும் நம் சிக்கனம், பிற விஷயங்களில் சிலாக்கியமானதே, இங்கே அபாயமானது. சிறிய வாணலியில் வேண்டிய மட்டும் ஊற்றி, மிஞ்சியதை வடிகட்டி, இரண்டொரு நாளுக்குள் தாளிக்கச் செலவிட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. பண்டம் எண்ணெயைக் குடிப்பது பெரும்பாலும் சட்டிக்குள் அன்று, வெளியே எடுத்து ஆறும்போதுதான் என்பது பலர் அறியாத சங்கதி: உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்க, மேலே படிந்த எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகையால் கண் கரண்டியில் அரித்தெடுத்தவுடனே நன்றாக வடியவிட வேண்டும். ஒற்றி எடுப்பதற்கு, அச்சு மை படிந்த பத்திரிகைத் தாள், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்திரிகை உட்பட, உதவாது.

அதிக உடலுழைப்பு இல்லாதவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய் போதும் என்பது ஊட்டச்சத்து நிபுணர்களின் அபிப்பிராயம். நால்வர் உள்ள குடும்பம் மாதம் 5 லிட்டர் வாங்கினால் தலைக்கு 38 கிராம் ஆகிறது; கடையில் தின்பது இதில் சேரவில்லை. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்திலோ 4 தான்.

மாற்று வழிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இட்லியையும் இடியாப்பத்தையும் ஆவியில் அவித்த கைகள் நம்முடையவை. மசால் வடைக்கு அரைக்கும் பருப்பையே உருட்டி ஆவியில் வேகவைத்துக் குழம்பிலிட்டால் பருப்புருண்டைக் குழம்பு. உளுந்து வடை மாவைப் பணியாரக் கல்லில் குழிக்கு நாலு சொட்டு எண்ணெயில் வார்த்தால் ருசியில் அதிகம் குறைவதில்லை. அப்பளத்தைத் தணலில் சுடலாம். மீனைத் தோசைக்கல்லில் வாட்டலாம். ஆனால் எண்ணெய் குறைந்தாலும் கறுகவிடலாகாது: உருளைக்கிழங்கு கறுகச் சிவந்தால் அக்ரிலமைடு என்ற தீய பொருள் பெருகும் என்பதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2002-ல் கண்டறிந்தார்கள். இப்போது வீடுதோறும் வந்திறங்கும் ஏர் ஃப்ரையரும், எண்ணெயை மிச்சப்படுத்துமேயன்றி, கிழங்கைக் கறுகவிட்டால் அந்தப் பொருளை முற்றிலும் தடுத்துவிடாது.

எண்ணெயில் தோய்த்த சில விநாடிகளில் அதன் கேட்டை அளந்து காட்டும் கைக்கருவிகள் வந்துவிட்டன. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவற்றை ஏந்திப் பெரிய ஓட்டல்களுக்குப் போவதோடு நில்லாமல், பேருந்து நிலையங்களையும் பள்ளிக்கூட வாசல்களையும் சுற்றியுள்ள சிறு கடைகளுக்கும் வர வேண்டும். முதல் தடவை அபராதம் விதிக்காமல் கடைக்காரருக்கே அளவைக் காட்டிப் புரியவைக்க வேண்டும். வாசகர்களும் வடையைக் கையில் வாங்குமுன், எண்ணெய் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கடைக்காரரிடம் கூசாமல் கேளுங்கள்.