பழவேற்காட்டில் படகு சவாரி: குழந்தைகளோடு போகலாமா?

மேல்நாட்டில் வசதி படைத்தவர்கள் விடுமுறைக்கு ஓர் உல்லாசப் படகையே வாடகைக்கு எடுத்து விடுகிறார்கள். மாலுமியும் கூட வருவார். பெண்டு பிள்ளைகளோடு ஒரு வாரம் கடலிலேயே வாசம்!

நமக்கு அது எட்டாது. நம் ஊர்க் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு பழவேற்காட்டுக்குப் போகிறது. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்தாகி விட்டது. "அப்பா, படகிலே போகலாம்!" என்று பிள்ளை அடம் பிடிக்கிறது. கரையில் படகும் நிற்கிறது.

இங்கேதான் யோசிக்க வேண்டும்.

2011, டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. உறவினர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு.

அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடைக்குப் பின்னும் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

ஏரியின் பெரும் பகுதியில் ஆழம் அதிகம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீர்தான். அதை நம்பித்தான் பலர் ஏறுகிறார்கள். ஆனால் முகத்துவாரம் வேறு. அங்கே ஏரித் தண்ணீர் கடலுக்குப் பாயும். கடல் அலை எதிர்த்து வரும். நீரோட்டம் ஆளை இழுத்து விடும்.

படகிலும் விஷயம் இருக்கிறது. மீன்பிடிப் படகில் வலையும் மீனும் அடியில் கிடக்கும். பாரம் கீழே இருப்பதால் படகு நிலையாக நிற்கும். மனிதர்கள் அப்படியா? எழுந்து நிற்பார்கள். படம் பிடிக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். படகும் சாயும். கேரளத்தில் தானூரில் 2023 மே 7-ந் தேதி கவிழ்ந்ததும், மீன்பிடிப் படகைச் சவாரிக்கு மாற்றிக் கட்டியதுதான். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அங்கும் 22 உயிர்.

மீனவரை மட்டும் குறை சொல்வது எளிது. வலையில் ஒன்றும் விழாத நாளில், கரைக்கு வந்தவர்கள் பணத்தை நீட்டினால் அவர் என்ன செய்வார்? அந்தத் தண்ணீரை அவரைவிட அறிந்தவர் யார்? சவாரிக்கென்றே கட்டிய படகும், உரிமமும், மிதவைச் சட்டையும் கொடுத்து, அவரையே ஓட்டச் சொல்லலாம். வெறும் தடை போட்டால் சவாரி மறைவில்தான் நடக்கும். மறைவில் நடக்கும் சவாரியில் சட்டை ஏது, கணக்கு ஏது?

படகில் போயே தீரவேண்டும் என்றால் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு இருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை அது.

எங்கே ஏறினாலும் ஒன்று செய்யுங்கள், தாய்மாரே! பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் அது தலை வழியே கழன்று விடும். ஏறுவதற்கு முன்பே வாரை இறுக்குங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை வந்தால் அது அந்தக் குழந்தைக்கு ஆகாது. சின்னச் சட்டை கேளுங்கள். இல்லை என்று சொன்னால், கரையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரியுங்கள்.