சான்றிதழுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்

இயற்கை வேளாண்மைக்கெனத் தமிழக அரசு 2023-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஒன்றிய அரசின் பாரம்பரிய வேளாண்மை வளர்ச்சித் திட்டமும் 2015 முதல் குழுவாகச் சேரும் உழவர்களின் சான்றிதழ்ச் செலவில் பங்கேற்கிறது. அத்திட்டத்தின் மொத்த உதவி மூன்றாண்டுகளுக்கு எக்டருக்கு 31,500 ரூபாய். அதில் உழவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்வது 15,000. ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 ரூபாய்தான்!

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் சிறு விவசாயிக்குக் கட்டணத்தைவிடப் பெரிய சுமை, மாறுதல் காலம். ஏற்றுமதித் தரச் சான்றுக்கு, பருவப் பயிர்களில் பொதுவாக இரண்டு ஆண்டுகள் ரசாயனமின்றிச் சாகுபடி செய்து காத்திருக்க வேண்டும். விளைச்சல் குறையலாம், கூடுதல் விலையும் கிடைக்காது.

அரசு பகிர வேண்டியது அந்த இழப்பைத்தான். கூடவே, இவ்விரு ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் சான்று பெற்ற விளைபொருளுக்குத் தனி ஏலம் வேண்டும். விலை கிடைக்காத சான்றிதழை எந்த விவசாயியும் புதுப்பிக்க மாட்டார்.