போர்வையைப் பிரித்துக் காட்டுங்கள்!

எங்கள் பாரிவாக்கத்தில் அயல்நாட்டுப் படிப்பு என்றதும் பெற்றோர் பணத்தைப் பற்றியே கவலைப்படுகின்றனர். பிள்ளை தங்கப்போகும் வீட்டைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்பேன்.

1914-ஆம் ஆண்டு சென்னையில் கப்பலேறிய கணிதமேதை இராமானுஜன், கேம்பிரிட்ஜில் முதற் சில வாரங்கள் நெவில் தம்பதியரின் இல்லத்தில் தங்கினார். பின்னர் டிரினிடி கல்லூரி அறையில் தாமே சமைத்து உண்டார். குளிர் இரவுகளில் மேலங்கியும் சால்வையும் அணிந்து உறங்கினாராம்! கட்டிலில் கம்பளிகள் ஓரம் செருகப்பட்டிருந்தன. அவற்றினுள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. நண்பர் மகலனோபிஸ்தான் பிரித்துக் காட்டினார்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கலாமா? புது இடத்தில் கூச்சமுள்ள மாணவி வாய் திறந்து கேட்கமாட்டாள். வெந்நீர்க் குழாய் எது, இரவில் பசித்தால் அடுக்களைக்குப் போகலாமா என்பதையெல்லாம் வீட்டுக்காரரே முந்திச் சொல்ல வேண்டும். கட்டணம் கேட்டு எழுதும் பெற்றோர், இவற்றையும் கேட்டு எழுதட்டுமே!