பேப்பர் போடச் சொல்லும்போது

2017 ஜூலையில் ஓர் ஒலிப்பதிவு இணையத்தில் பரவியது. டெக் மகிந்திராவின் எச்.ஆர். அதிகாரி ஓர் ஊழியரிடம், நாளை காலை பத்து மணிக்குள் ராஜினாமா செய்யாவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவாய் என்கிறார். மகிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மகிந்திராவே மன்னிப்புக் கேட்டார். பேச்சு முழுக்க அந்த அதிகாரியின் தொனியைப் பற்றியதாகவே முடிந்துபோனது. எனக்கு உறுத்தியது வேறு. ஆளைக் குறைக்க நிறுவனத்துக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. பிறகு எதற்கு ஊழியரின் கையாலேயே ஒரு ராஜினாமா?

சட்டம் கடுமையாக இருப்பதால்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐ.டி. துறைக்கு இது பொருந்தாது. அரசின் முன் அனுமதி வாங்கித்தான் ஆட்குறைப்பு செய்ய முடியும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கானது. அதுவும் முன்பு 100 பேர், இப்போது 300 பேர் இருந்தால்தான். சென்னை ஓ.எம்.ஆரில் பத்தாயிரம் பேர் வேலை பார்க்கும் மென்பொருள் அலுவலகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு ஒருநாளும் இருந்ததில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 25-எஃப் பிரிவு கேட்டது, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் கேட்பது, இவ்வளவுதான்: ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குக் காரணத்தை எழுதி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்கு ஒரு தகவல். எட்டு வருடம் உழைத்தவருக்கு 120 நாள் சம்பளம், அதாவது சுமார் நான்கு மாதம். நோட்டீஸ் மாதத்தையும் சேர்த்தால் ஐந்து. கோடிக்கணக்கில் லாபம் காட்டும் நிறுவனத்துக்கு இது பெரிய தொகையா என்ன?

ஆகவே அவர்கள் தவிர்க்க நினைப்பது பணத்தைவிடப் பதிவை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆட்குறைப்பு என்று எழுதிவிட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவது என்ற வரிசையை மீறினால் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். சம்பளம் அதிகமான பத்து வருட அனுபவக்காரரை அனுப்பிவிட்டுப் புதியவரை வைத்துக்கொள்வது அப்போது கடினம். ஓராண்டுக்குள் திரும்ப ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும். ராஜினாமா கடிதம் இத்தனையையும் ஒரே வரியில் துடைத்துவிடுகிறது. தானாக விலகுவது சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பே அல்ல. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் இரண்டு சதவீதம் பேரை, 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, குறைப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. பெரும்பாலான இடங்களில் அப்படி ஓர் எண் வெளியே வருவதே இல்லை.

‘நாங்கள் தொழிலாளியா, எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா’ என்று ஐ.டி. ஊழியர்களே கேட்கிறார்கள். பதவிப் பெயரை வைத்து அதைத் தீர்மானிப்பதில்லை. பார்க்கும் வேலையை வைத்துத்தான். தொழில்நுட்ப வேலைக்குச் சம்பள உச்சவரம்பும் கிடையாது. 2015இல் டி.சி.எஸ். நீக்கிய ஒருவரைத் திரும்பச் சேர்க்கும்படி சென்னை தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆனால் ஏழு வருடம். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுபவரிடம் இந்தத் தீர்ப்பைக் காட்டி ‘போராடு’ என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. ரிலீவிங் லெட்டர் கெட்டுவிடும், அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் வெறும் பிரமை அல்ல; எச்.ஆர். அறையில் அதுதான் நெம்புகோல்.

ஆனாலும் வழக்கு போடுவதும் கையெழுத்துப் போடுவதும் மட்டுமே வழிகள் அல்ல. ‘விலகச் சம்மதம், ஆட்குறைப்பு என்று காரணத்தோடு கடிதம் தாருங்கள்’ என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். வாய்வார்த்தையாக வந்த மிரட்டலும் அந்த அஞ்சலில் தேதியோடு பதிவாகிவிடும். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று பிறகு வாதாட நேர்ந்தால் நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில்தான் விழும் என்பதால் அந்த ஒரு அஞ்சலுக்கு மதிப்பு அதிகம். நிறுவனம் பேரம் பேச வந்தால், மேலே போட்ட கணக்கோடு கிராஜுவிட்டியையும் விடுப்புச் சம்பளத்தையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். அவை ஏற்கெனவே ஊழியருக்குச் சேர வேண்டியவை. ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் அவற்றையே திருப்பித் தருவதும் நடக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் கருணைத் தொகையாகத் தெரிவது இந்தக் கூட்டலைச் செய்யாதவரைக்கும்தான். புதிய சட்டத் தொகுப்பு மறுதிறன் நிதி என்றும் ஒன்றை வைத்திருக்கிறது: ஆட்குறைப்புக்கு ஆளானவரின் கணக்கில் 45 நாளுக்குள் இன்னொரு 15 நாள் சம்பளம் சேர வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு அதில் பங்கு இல்லை.