பாட்டுக்குக் கைதட்டினால் போதுமா?

பிபிசியின் 'டாக்டர் ஹூ' 1963 முதல் வரும் அறிவியல் புனைகதைத் தொடர். முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு முதல்நாள், 2025 மே 17 இல் வெளியான அத்தியாயம் ரசிகர்களை இரண்டாக்கியது.

தேன் வியாபாரத்துக்காக ஒரு நிறுவனம் எரித்த கிரகத்தைச் சேர்ந்தவன், அதே நிறுவனம் அனுசரணை வழங்கும் பாட்டுப்போட்டியின் பார்வையாளர்களைக் கொல்ல முனைகிறான். டாக்டர் அவனை வதைக்கிறார். அவனது இனத்துப் பாடகி தங்கள் மண்ணின் பாடலைப் பாட, அரங்கம் கைதட்டுகிறது. நிறுவனம் தண்டிக்கப்படவில்லை.

பாட்டில் நெகிழ்ந்தவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவனைப் பயங்கரவாதியாக்கிவிட்டு, எரித்தவர்களை விட்டுவிட்டார்கள் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் சிலர் காசாவை நினைவூட்டினார்கள்.

பொதுமக்களைக் கொல்வதற்கு நியாயம் இல்லை. ஆனாலும் தெல்லிப்பழையிலிருந்து பார்க்கும் எனக்கு அந்தக் கோபமே சரியாகப் படுகிறது. 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் இராணுவத்திடம் இருக்கிறது. எங்கள் துயரத்தைக் கேட்டு உருகுவோர் பலர்; காணியைத் திருப்பிக் கொடு என்போர் சிலரே.